மரபணு நோய்க்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்

தமிழ்நாடு அரசு மரபணு நோய்களுக்காக ஆண்டுக்கு எவ்வளவு செலவழிக்கிறது? இந்தக் கேள்விக்கு ஒரே இடத்தில் விடை கிடைக்காது. தலசீமியா குழந்தைக்கு மாதந்தோறும் ஏற்றும் ரத்தம், ரத்த வங்கிக் கணக்கில் இருக்கிறது. அந்தக் குழந்தையின் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றும் மாத்திரை, மருந்துக் கொள்முதல் கணக்கில் வருகிறது. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு வைக்கும் காக்ளியர் கருவியின் விலை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஏறுகிறது. தசைச்சிதைவு நோயாளிக்குத் தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் செலவு. சிறப்புப் பள்ளி, சக்கர நாற்காலி, பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் நீளும் படுக்கை என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். இத்தனையையும் ஒரே தாளில் கூட்டிப் பார்க்கும் வழக்கம் நமக்கு இல்லை.

அதனால்தான் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மரபணு மருத்துவப் பிரிவு வேண்டும் என்று கோப்பு அனுப்பும்போது, அது புதிய செலவாகத் தோன்றுகிறது. “அரிய நோய்தானே, எத்தனை பேருக்கு வரப்போகிறது?” என்ற கேள்வியோடு கோப்பு திரும்பிவிடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் பல அரிய நோய்களே. ஆனால் ஆயிரக்கணக்கான அரிய நோய்கள் சேரும்போது நோயாளிகள் அரியவர்களாக இருப்பதில்லை. ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் குழந்தைகள் நரம்பியல் ஓ.பி.யில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்த்தாலே இது விளங்கிவிடும்.

ஒரு எடுத்துக்காட்டைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். மூன்று வயதுவரை ஓடியாடிய பையன் அடிக்கடி கீழே விழுகிறான். மாடிப்படி ஏறத் திணறுகிறான். தரையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது முதலில் குப்புறத் திரும்பி, கையைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலில் ஊன்றி, தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மீதே ஏறுவதுபோல் எழுகிறான். கெண்டைக்கால் சதை வழக்கத்தைவிடப் பருத்திருக்கிறது. ‘டுஷேன்’ தசைச்சிதைவு நோயின் அடையாளம் இது. பார்த்துப் பழகிய மருத்துவருக்கு ஒரு நிமிடம் போதும். சில நூறு ரூபாயில் முடியும் சி.பி.கே. ரத்தப் பரிசோதனை சந்தேகத்தை வலுப்படுத்தும். சில ஆயிரம் ரூபாய் செலவாகும் மரபணுப் பரிசோதனை பெரும்பாலான குழந்தைகளுக்கு அதை உறுதிசெய்யும்.

நடப்பது வேறு. சத்துக் குறைவு என்று டானிக் தரப்படுகிறது. எலும்பு மருத்துவர் காலைப் பார்க்கிறார். எம்.ஆர்.ஐ. எடுக்கப்படுகிறது. ஊர் மாறி ஊர், சீட்டுக்கு மேல் சீட்டு. தடித்த பிளாஸ்டிக் பையில் ரிப்போர்ட்டுகள் சேர்ந்துகொண்டே போகின்றன. நோயின் பெயர் தெரியும்போது பையனுக்கு ஐந்து, ஆறு வயது ஆகியிருக்கும். அதற்குள் பல வீடுகளில் இரண்டாவது குழந்தை பிறந்திருக்கும். இந்த நோய் வந்த பையன்களின் தாய்மாரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், தமக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இந்த மரபணு மாற்றத்தைச் சுமப்பவர்கள். அப்படிப்பட்ட தாய்க்கு அடுத்துப் பிறப்பதும் ஆண் குழந்தையானால், அவனுக்கும் நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஒரே வீட்டில் அண்ணன், தம்பி இருவரும் சக்கர நாற்காலியில் இருப்பதை இத்துறை மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தாய் வேலைக்குப் போவதை என்றோ நிறுத்தியிருப்பார்.

இந்தக் குடும்பத்துக்கு அரசு செலவழிக்கவில்லை என்று சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ.க்குச் செலவழித்தது. பல ஊர் ஓ.பி.க்குச் செலவழித்தது. இருவருக்கும் உதவித்தொகை தருகிறது. முதல் பையனுக்கு மூன்று வயதாகும்போதே, குடும்ப மரபு வரைபடம் ஒன்றைப் போட்டு, தாயின் அண்ணன் தம்பிகளுக்கு இப்படி இருந்ததா என்று கேட்டு, அடுத்த பிரசவத்துக்கு முன் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று பொறுமையாகச் சொல்லும் ஒருவருக்குத்தான் சம்பளம் கொடுக்கவில்லை.

மரபணுப் பரிசோதனையை முன்கூட்டியே செய்வது பணத்தை மிச்சப்படுத்துமா என்று வெளிநாடுகளில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியா மாநிலம், ஏழைகளுக்கான தன் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், ஐந்து மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 178 குழந்தைகளுக்கு விரைவு மரபணுத்தொகுதிப் பரிசோதனை செய்தது. ‘பேபி பேர்’ என்பது திட்டத்தின் பெயர். 76 குழந்தைகளுக்கு நோய் இன்னதென்று தெரிந்தது. 55 குழந்தைகளுக்குச் சிகிச்சையே மாறியது. தேவையற்ற அறுவை சிகிச்சைகள் தவிர்க்கப்பட்டன, மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைந்தன. செலவு 17 லட்சம் டாலர். மிச்சமானது 25 லட்சம் டாலர். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் மருத்துவர்கள், மரபணு நோய் இருக்கலாம் என்று சந்தேகம் வந்த கைக்குழந்தைகளுக்குத் தொடக்கத்திலேயே ‘எக்ஸோம்’ என்னும் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். வழக்கமான முறையைவிட மூன்று மடங்கு குழந்தைகளுக்கு நோய் கண்டறியப்பட்டது. ஒரு நோயைக் கண்டறிய ஆன செலவோ மூன்றில் ஒரு பங்கு.

அங்கே படுக்கைக் கட்டணம் அதிகம், அதனால் மிச்சமும் அதிகம் என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான வாதம். ஆகவே நம் ஊர் விலையிலேயே ஒரு கணக்குப் போடுவோம்.

பிறவித் தைராய்டு குறைபாட்டை எடுத்துக்கொள்வோம். இதில் பெரும்பகுதி பரம்பரையாக வருவது இல்லை. என்றாலும், குதிகாலில் குத்தி எடுக்கும் அதே சில சொட்டு ரத்தத்தில்தான் பரம்பரை நோய்கள் பலவற்றையும் கண்டறிகிறோம் என்பதால், பல நாடுகள் பச்சிளம் குழந்தைப் பரிசோதனையை இதிலிருந்தே தொடங்குகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வின்படி, ஏறத்தாழ 1,100 குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை இருக்கிறது. சென்னையில் அதைவிடக் கூடுதல். பிறந்த இரண்டு வாரத்துக்குள் தைராக்ஸின் மாத்திரை தொடங்கினால் அந்தக் குழந்தை மற்ற பிள்ளைகளைப் போலப் படிக்கும், விளையாடும். மாதக்கணக்கில் தாமதமானால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். பிறகு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் அது திரும்பாது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. அநேகமாக எல்லாமே மருத்துவமனைப் பிரசவங்கள். கணக்குக்கு 8 லட்சம் என்றும், ஒரு குழந்தைக்குப் பரிசோதனைச் செலவு 200 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 16 கோடி. இதில் ஏறத்தாழ 727 குழந்தைகள் கண்டறியப்படுவார்கள். ஒரு குழந்தையைக் கண்டறிய ஆவது 2 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். கண்டறியப்படாமல் அறிவுசார் குறைபாட்டோடு வளரும் ஒருவருக்கு அரசு தரும் உதவித்தொகை ஆண்டுக்கு 24 ஆயிரம். 40 ஆண்டுகளுக்கு 9 லட்சத்து 60 ஆயிரம். பரிசோதனை இல்லாவிட்டாலும் சில குழந்தைகள் தற்செயலாகச் சீக்கிரம் கண்டறியப்படலாம், எல்லோரும் உதவித்தொகை வாங்குவதும் இல்லை. மூன்றில் ஒருவருக்குத்தான் அந்தச் செலவு நேரும் என்று குறைத்துப் பார்த்தாலும், தலைக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் வருகிறது. இன்றைய ரூபாயும் 30 ஆண்டு கழித்துச் செலவாகும் ரூபாயும் ஒன்றல்ல என்று நிதித் துறை சொல்லும். சரிதான். சிறப்புப் பள்ளியின் செலவையும், வீட்டோடு கட்டுண்ட தாயின் கூலி இழப்பையும், அந்தப் பிள்ளையே வளர்ந்து சம்பாதித்திருக்கக்கூடிய பணத்தையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை என்பதையும் நிதித் துறை பார்க்க வேண்டும்.

கேரளம் அரசு மருத்துவமனைகளில் இப்பரிசோதனையைச் செய்துவருகிறது. தமிழ்நாட்டில் எல்லாப் பிரசவ வார்டிலும் தடுப்பூசிபோல இது அன்றாட வேலையாக ஆகவில்லை. பொதுச் சுகாதாரத்தில் நாட்டுக்கே வழிகாட்டுவதாகப் பெருமைப்படும் மாநிலத்துக்கு இது அழகல்ல.

ரத்தத்தைச் சோதிப்பது மட்டும் போதாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சுகப்பிரசவமான தாய் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடுவார். முடிவு வரும்போது அவர் அம்மா வீட்டில் இருப்பார். தந்திருக்கும் செல்பேசி எண் கணவருடையதாக இருக்கும், அவர் வேறு ஊரில் வேலையில் இருப்பார். அந்தக் குடும்பத்தைத் தேடிப்பிடித்து, பயமுறுத்தாமல் விஷயத்தைச் சொல்லி, மறுபரிசோதனைக்கு வரவழைப்பதுதான் சேவை. அந்த ஆள் இல்லாத இடத்தில் பரிசோதனைக்குச் செலவழித்த 200 ரூபாயும் வீண். மரபணு மருத்துவத்துக்கு நிதி என்றதும் எல்லோரும் கருவி வாங்குவதையே நினைக்கிறார்கள். கருவி திறப்பு விழாவுக்கு உதவும். பலன் தருவது ஆட்கள்.

தலசீமியாவுக்கு வருவோம். இந்தியாவில் ஆண்டுக்கு 10 ஆயிரம் குழந்தைகளாவது தீவிர பீட்டா தலசீமியாவோடு பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுள் முழுக்க. ரத்தம், மாத்திரை, பரிசோதனை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று குறைவாக மதிப்பிட்டாலும் 30 வயதுக்குள் 30 லட்சம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை குணப்படுத்தும். வேலூர் சி.எம்.சி. 1986-லேயே அதைத் தொடங்கிவிட்டது. ஆனால் அதற்குப் பல லட்சம் செலவாகும், பொருத்தமான கொடையாளரும் கிடைக்க வேண்டும்.

இத்தனைக்கும், தாய் தந்தை இருவரும் இந்த மரபணுவைச் சுமப்பவர்களா என்று அறியும் முதல் கட்டச் சோதனை ஆரம்ப சுகாதார நிலைய மேசையிலேயே நடக்கக்கூடியது. நீர்த்த உப்புக் கரைசல் உள்ள சிறு கண்ணாடிக் குழாயில் ஒரு துளி ரத்தம் விட்டு இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட வெள்ளைத் தாளைப் பிடிக்க வேண்டும். கோடு தெளிவாகத் தெரிந்தால் கவலையில்லை. கரைசல் கலங்கி, கோடு மறைந்தால் அடுத்த கட்டமாக ஹெச்.பி.எல்.சி. பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ‘நெஸ்ட்ராஃப்ட்’ என்பது இதன் பெயர். தேசிய சுகாதார இயக்கத்தின் 2016 வழிகாட்டுதலில் இருக்கும் முறைதான்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ‘பிக்மி’ என்னும் கர்ப்பப் பதிவு எண் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18 ஆயிரம் ரூபாய் மதிப்பில் உதவி தருகிறோம். ஒரு கர்ப்பத்துக்கு 18 ஆயிரம் செலவழிக்கத் தயாராக இருக்கும் அரசுக்கு, முதல் மூன்று மாதத்துக்குள் இந்தச் சோதனையைச் செய்து, தேவைப்பட்டால் கணவரையும் வரவழைத்துச் சோதிப்பது பெரிய காரியமா? பிக்மி பதிவேட்டில் ஒரு கட்டம் சேர்த்தால் போதும். ஏழாம் மாதத்தில் தெரிந்து பயனில்லை. எந்த மாதத்தில் தெரிகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சைப்ரஸ் சின்னஞ்சிறு தீவு நாடு. தலசீமியா மரபணு அங்கே ஏழு பேரில் ஒருவருக்கு இருந்தது. எல்லா நோயாளிகளுக்கும் ரத்தமும் மருந்தும் தந்துகொண்டே போனால் நாட்டின் சுகாதார நிதியே தாங்காது என்பதை 1970-களிலேயே கணக்கிட்டு உணர்ந்து, தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1980-களில் அங்குள்ள திருச்சபையும் திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்று கேட்கத் தொடங்கியது. புதிதாக இந்நோயோடு பிறக்கும் குழந்தைகள் அநேகமாக இல்லை என்ற நிலை வந்தது. மிச்சமான பணம் ஏற்கெனவே இருக்கும் நோயாளிகளுக்கு நல்ல சிகிச்சையாகத் திரும்பியது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி வாக்கியம்தான்.

ஏனென்றால், பணக் கணக்கை மட்டும் வைத்துப் பேசுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளை அரசுக்குச் சுமையாகப் பார்க்கும் மனநிலைக்கு அது வழிவிடலாம். குழந்தையைப் பெறுவதா வேண்டாமா என்று குடும்பம் எடுக்க வேண்டிய முடிவை, சேமிப்பு இலக்கு வைத்திருக்கும் அதிகாரி எடுத்துவிடக் கூடாது. மரபணு ஆலோசகரின் பணி, தெரிந்ததைச் சொல்வது, தெரியாததைத் தெரியாது என்பது, எந்த முடிவானாலும் கூட நிற்பது. எத்தனை பிறப்புகளைத் தவிர்த்தீர்கள் என்று இந்தப் பிரிவைக் கேட்கவே கூடாது. எத்தனை பேருக்கு உரிய காலத்தில் நோய் கண்டறிந்தீர்கள், எத்தனை பேருக்குச் சிகிச்சை தொடங்கினீர்கள், எத்தனை குடும்பங்களுக்குத் தகவல் சேர்ந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

நீலகிரி நமக்கு ஒரு பாடம். இந்தியாவில் அரிவாள் செல் மரபணு முதன்முதலில் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது அந்த மலைப் பழங்குடிகளிடம்தான், 1952-ல். நாடு தழுவிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கியது 2023-ல். இடையில் 71 ஆண்டுகள். அதில் 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தார்கள். நல்லது. ஆனால், ‘நீ இந்த மரபணுவைச் சுமப்பவள்’ என்று சொல்லும் ஓர் அட்டையை மட்டும் பணியர் பழங்குடிக் குடியிருப்பில் ஒரு பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு வந்தால், அது அவளுடைய திருமணத்தைத் தடுக்கும் சீட்டாகத்தான் மாறும். அவளுக்கு நோய் இல்லை என்பதை அவள் மொழியில், அவள் வீட்டாரையும் உட்காரவைத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

சமவெளியிலும் இதே கதைதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் உறவுமுறைத் திருமணங்கள், இந்தியாவிலேயே அதிகம். அத்தை மகனை, தாய்மாமனைக் கட்டியதால்தான் இப்படி ஆயிற்று என்று மருமகளைக் குத்திக்காட்டும் வீடுகளும் உண்டு, எங்கள் பரம்பரையில் எல்லாமே சொந்தத்தில்தான், ஒன்றும் ஆகவில்லை என்று அடித்துப் பேசும் வீடுகளும் உண்டு. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எந்தத் தம்பதிக்கும் நூற்றில் இரண்டு மூன்று பிரசவங்களில் பிறவிக் குறை வரலாம். அத்தை, மாமன் பிள்ளைகளுக்குள் மணம் முடித்தால் அதற்கு மேல் இன்னும் இரண்டு மூன்று கூடும். வீட்டில் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட குழந்தை இருந்தால் கணக்கு முற்றிலும் வேறு. இதை விளக்க முக்கால் மணி நேரம் ஆகும்.

அந்த முக்கால் மணி நேரத்துக்குத்தான் எந்தக் கணக்கிலும் இடமில்லை. காப்பீட்டுத் திட்டங்கள் அறுவை சிகிச்சைக்குப் பணம் தரும், கருவிக்குத் தரும், படுக்கைக்குத் தரும், பேசுவதற்குத் தராது. மருத்துவமனைத் தலைவருக்கும் இது வருமானம் இல்லாத பிரிவு. சுகாதாரத் துறை இன்று செலவழித்தால், மிச்சம் மாற்றுத்திறனாளிகள் நலத் துறைக்குப் பத்து ஆண்டு கழித்து வருகிறது. செலவழித்த அமைச்சரின் பெயரில் அது வரவு வைக்கப்படுவதில்லை. இதைத் தனியார் ஆய்வகங்கள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் முடியாது. ரத்தம் எடுக்க ஆள் வருவார். 20 ஆயிரம், 25 ஆயிரம் ரூபாய்க்கு எக்ஸோம் செய்து பல பக்க ஆங்கில ரிப்போர்ட் மின்னஞ்சலில் வரும். ‘முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்’ என்று அதில் ஒரு வரி இருக்கும். அதை நோய் என்று நினைத்து அழுத பெற்றோர் உண்டு.

மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கை, தேர்ந்தெடுத்த நோய்களுக்கு ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய்வரை உதவி தருகிறது. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் அதற்கான உயர் சிறப்பு மையங்களில் ஒன்று. இது பெரும் உதவிதான். ஆனாலும் நோய் முற்றிய பிறகு சிகிச்சைக்கு 50 லட்சம் தரத் தயாராக இருக்கும் அமைப்பு, அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஆளுக்கு மாதச் சம்பளம் தரத் தயங்குவது பொருந்தவில்லை. முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவு நோய்க்கு 16 கோடி ரூபாய் ஊசி என்று மக்களிடம் உண்டியல் ஏந்திய காட்சிகளை நாம் மறந்திருக்க மாட்டோம். அதே நோய்க்கான ‘ரிஸ்டிப்ளாம்’ மருந்து, புட்டி ஒன்று ஏறத்தாழ 6 லட்சம் ரூபாய்க்கு விற்றது, 2025-ல் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இந்திய நிறுவனத் தயாரிப்பாக 15,900 ரூபாய்க்கு வந்துவிட்டது. அறிகுறி தெரியும் முன்பே தொடங்கினால்தான் இந்த மருந்தின் முழுப் பலனும் கிடைக்கும். மருந்து மலிந்துவிட்டது, குழந்தையை உரிய நேரத்தில் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இல்லை.

செய்ய வேண்டியது எட்டாத காரியம் இல்லை. தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரிக்கு இரண்டு மரபணு ஆலோசகர்கள், மாதம் 50 ஆயிரம் ரூபாய் சம்பளம் என்றால் ஆண்டுக்கு 4 கோடியே 32 லட்சம். எல்லா இடத்திலும் ஆய்வகம் கட்ட வேண்டாம். மண்டலத்துக்கு ஒன்று போதும், மற்ற இடங்களிலிருந்து மாதிரிகள் அங்கே போகட்டும். 1994-ல் தொடங்கப்பட்டு, மருந்துகளை மொத்தக் கொள்முதலில் வாங்கி விலையைக் குறைத்துக் காட்டிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், பரிசோதனைப் பொருட்களுக்கும் அதையே செய்ய முடியும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு எந்த மரபணுவில் மாற்றம் என்று தெரிந்துவிட்டால், அவருடைய உறவினர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் பார்க்கச் சிறு தொகையே ஆகும். மார்பக, சினைப்பைப் புற்றுநோய்க் குடும்பங்களுக்கு இதன் பலன் மிகப் பெரிது. காப்பீட்டுத் திட்டத்தில் மரபணு ஆலோசனைக்கென்று ஒரு தொகுப்புக் கட்டணம் சேர்க்க வேண்டும். மூன்றாண்டு முடிவில் சுகாதாரத் துறையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து வரவு செலவைப் பொதுவில் வைக்க வேண்டும்.

ஆலோசகர்களுக்கு 4 கோடியே 32 லட்சம், பச்சிளம் குழந்தைப் பரிசோதனைக்கு 16 கோடி. இரண்டும் சேர்த்து 20 கோடி சொச்சம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் மருத்துவம், மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி. ஆயிரம் ரூபாயில் ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இந்த 20 கோடிக்குத் தனித் தலைப்பு திறக்க வேண்டும்.